சாம்பல் பெல்ட்டின் இரைச்சல்

வேலைநிறுத்தம் தொடங்கியதும் என் ரிசீவரில் இரைச்சல் நின்றது. எனக்கு அதில் சந்தோஷம்தான். வீட்டில் காட்டிக்கொள்ளவில்லை.

வடக்குத்து கிராமத்தில் அக்கா வீட்டுக் கொல்லையில் கோழிவலைக் கம்பியைக் குடைபோல் வளைத்து ஏரியல் வைத்திருந்தேன். வேற்றுக் கிரகத்தவர் ரேடியோவில் பேசினால் எப்படிப் பிடிப்பது என்பதுதான் மாலை நேர பாலிடெக்னிக்கில் என் புராஜெக்ட். அது எண்பதுகளின் தொடக்கம்; வெளிநாடுகளில் அப்போதே இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான அலைவரிசைகளை ஒரே சமயத்தில் பிரித்துக் கேட்கும் இயந்திரம்கூட வந்துவிட்டிருந்தது. ஆனாலும் வானத்திலிருந்து வரக்கூடியது மிக மெலிசு. நம் மோட்டார்களின் சத்தம் அதை அமுக்கிவிடும். என்னுடையதை அமுக்கியது, தனியார் கான்ட்ராக்டர் ஒருவரின் பெல்ட். அனல்மின் நிலையச் சாம்பலை லாரிகளில் ஏற்றும் கன்வேயர் பெல்ட். அதன் பழைய மோட்டார் பொறி கக்கும்போதெல்லாம் ஹெட்போனில் கரகரக்கும்.

அக்கா கணவர் கொளஞ்சிநாதன் அந்தப் பெல்ட்டில்தான் வேலை பார்த்தார். கூலி உயர்வு கேட்டு எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். அன்று ராத்திரிக்குள் கையெழுத்துப் போட்டுத் திரும்பாதவர்களுக்கு வேலை இல்லை என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். பெல்ட் ஓடாமல் இருக்கும்வரை அவர் பணிந்துதான் ஆகவேண்டும் என்று இவர்கள் நம்பினார்கள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் கரகரப்பு திரும்பி வந்தது.

ஏரியலைத் திருப்பினேன். வானத்துச் சத்தமானால் போயிருக்கும். போகவில்லை. தரையை நோக்கிக் கவிழ்த்தும் பார்த்தேன். அதே கரகரப்பு, பழகிய அதே இடைவெளி. கொளஞ்சிநாதன் மாமா இருந்த டீக்கடைக்கு ஓடினேன்.

"மாமா, பெல்ட் ஓடுது."

"யாருடா சொன்னது?"

"ரிசீவர்ல கேட்டேன்."

பெஞ்சில் இருந்த, மாமாவோடு வேலை பார்த்த தனகோடி டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார். "மேல இருந்து சேதி வந்துகீதுடா! சம்பளம் எவ்ளோ ஏத்துவாங்கன்னு கேட்டியா மச்சான்?"

"மெயின் கேட்டுல நம்ம ஆளு குந்திக்கினு இருக்கான்" என்றார் மாமா. "ஒருத்தனும் உள்ள போவல. போய்ப் படி."

"பின்பக்கமா போயிருந்தா? கையெழுத்துப் போட ஆபீஸ் இன்னும் தொறந்துதான் இருக்கும், மாமா. ஒருதரம் போய்ப் பாருங்க."

"கண்டிப்பா அந்த மோட்டாருதானா?" என்றார் மாமா.

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லியிருக்கலாம். வேறு மோட்டாராக இருக்கலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் மறுபடி சிரிப்பு.

காலையில் பார்த்தபோது பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பின்புற வேலியைப் பிரித்து, லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார்கள். கையெழுத்துப் போடாத பழைய ஆட்கள் யாருக்கும் வேலை இல்லை. மாமா மத்தியானம் கொல்லைக்கு வந்து ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"இதான் அதுவா?"

"ஆமா, மாமா."

வெகுநேரம் கேட்டார்.

"நான் ஓட்டறப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"ஒரு வித்தியாசமும் இல்லியா?"

ஏதாவது வித்தியாசம் சொல்ல முடியுமா என்று நானும் ஹெட்போனை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன்.

"இல்ல, மாமா."