வெறும் வயிற்றுக்குச் சாட்சி

சான் இசித்ரோ திருவிழா நாளில் புந்தா பேட்டையை வெறும் வயிற்றோடு கடப்பதைவிடத் துணியில்லாமல் கடப்பது சுலபம். துணியில்லாவிட்டால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாப்பிடாமல் போனால் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிடுவார்கள்.

பெர்பெத்துவாவின் பிள்ளை ஜோவன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போக வாய்த்த நாள் அதுதான். இருபத்தாறு வயது, குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். பிறந்தபோது பெண் குழந்தை என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பத்து வயதில் அவனே அதை நம்பவில்லை, பதினைந்தில் தெருவும் நம்பவில்லை. ஆண் ஹார்மோன் ஊசியை ஆரம்பிக்குமுன் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு, ஈரல் எப்படி, கொழுப்பு எப்படி என்று பார்த்தாக வேண்டும் என்றார் மணிலா மருத்துவர். பத்து மணி நேரப் பட்டினி, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். அந்த மருத்துவரிடம் எட்டு மாதம் காத்துக்கிடந்து வாங்கிய நேரம் வருகிற புதன்கிழமை. அதைத் தவறவிட்டால் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான்.

நேற்றே போயிருக்கலாமே என்பீர்கள். போனான். நேற்று ஊரெல்லாம் கரண்ட் இல்லை. இன்று காலை பத்து மணிக்கு டவுன் ஆய்வகத்திலிருந்து ரத்த மாதிரிகளை மணிலாவுக்கு ஏற்றிப் போகும் வண்டி கிளம்பிவிடும்; அடுத்த வண்டி புதனுக்குப் பிறகுதான்.

பெர்பெத்துவா இந்த ஊசி விஷயத்தில் ஒரு வருஷமாக வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்ப்பாள். அந்த வீட்டுப் பாத்திரங்கள் அப்படிப் பளபளத்ததற்குக் காரணம் அதுதான். அன்று காலை எட்டரைக்குப் பூப்போட்ட திருவிழா உடுப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"மெழுகுவத்தி வாங்கணும். நானும் டவுனுக்கு வர்றேன்."

அலமாரியில் முப்பது மெழுகுவத்தி இருந்தது. ஜோவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

ஊர்வலத்துக்காகத் தெருவை அடைத்திருந்தார்கள். வண்டி உள்ளே வராது. பெரிய சாலைவரை நடந்தாக வேண்டும். நடுவில் பதினோரு வீடுகள், எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. முதல் வீடே மென்சியுடையது; சின்னவர்களுக்கு அவள் 'ஆலிங்', அதாவது அக்கா. அந்த மனுஷிக்குக் கண் இரண்டுதான், ஆனால் இருபதின் வேலையைச் செய்யும்.

"டேய் ஜோவன்! எங்கடா ஓடுற? பான்சித் சூடா இருக்கு, உள்ள வா."

"அப்புறம் வர்றேன் ஆலிங் மென்சி, கொஞ்சம் அவசரம்."

"திருவிழா அன்னிக்கு என்னடா அவசரம்? எங்க வீட்டு நூடுல்ஸ் உனக்கு ஆகாதோ? போன வருஷம் உப்பு ஜாஸ்தின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியாமே?"

காரணத்தைச் சொன்னால் நொடியில் தெருக்கோடிக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் மென்சியோடு ஆறு மாதப் பகை. ஜோவன் தாயைப் பார்த்தான். பெர்பெத்துவா கை நீட்டித் தட்டை வாங்கினாள்.

"எனக்குப் போடு மென்சி. அவன் பங்கையும் சேத்துப் போடு."

நின்றபடியே இரண்டு பங்கையும் தின்று முடித்தாள். அடுத்த வீட்டில் இனிப்பு ஸ்பகெத்தி. அதற்கடுத்து கல்தெரெத்தா என்கிற ஆட்டுக்கறிக் குழம்பு. நாலாவது வீட்டில் இலையில் கட்டி அவித்த அரிசிப் பலகாரமான சூமான், சர்க்கரை தொட்டு. அரைத் தட்டுக்கு மேல் போகாதே என்று டாக்டர் எச்சரித்திருந்த பெண்மணி, ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைக்கு முன்னால் போய் நின்று தானே வாங்கித் தின்றாள். ஏழாவது வீட்டைத் தாண்டும்போது வாத்துபோல நடந்தாள். எட்டாவது வீட்டுக் குழம்பில் இரண்டு சொட்டு தட்டிலிருந்து துள்ளி ஜோவனின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"போதும் இனாய். வெடிச்சிடப் போறீங்க," என்றான் ஜோவன். தாய் அவனுக்கு இனாய்.

"நீ பேசாம நட. வாயத் தொறந்தா எவளாவது எதையாவது திணிச்சிடுவா."

பதினோராவது வீடு பேட்டைத் தலைவர் தியோஃபிலோவுடையது. ஊரே அவரைக் கபிதான் என்று கூப்பிடும். மேசையில் முழுப் பன்றி, சுட்டுச் சிவந்த லெச்சோன். முறுகிய தோலை அவர் தன் கையாலேயே உடைத்தெடுத்தார். அந்தத் துண்டு யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அந்த வருஷ மரியாதை. பெர்பெத்துவா கை நீட்ட, கபிதான் தன் கையை விலக்கிக்கொண்டார்.

"இது உங்களுக்கில்ல. ஆத்தா தின்னா புள்ளைக்கு ஏப்பம் வருமா? ஜோவன், ஆ காட்டு!"

தோல் ஜோவனின் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மணி ஒன்பதே கால். பின்வாங்கினால் ஊர்த் தலைவருக்கு அவமானம். வாயைத் திறந்தால் எட்டு மாதம் போச்சு.

பெர்பெத்துவா கபிதானின் மணிக்கட்டைப் பிடித்தாள். பாத்திரம் தேய்க்கப் போகாமல் வாயைத் திறந்தாள்.

"கைய எடுங்க கபிதான். அவன் ரத்தம் குடுக்கப் போறான். ஆம்பள ஹார்மோன் ஊசி போடறதுக்கு முன்னாடி டெஸ்ட். வெறும் வயிறா இருக்கணும். ஒரு பருக்க உள்ள போனாலும் கெட்டுடும். போதுமா?"

மேசையிலிருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. பன்றிகூடக் காது கொடுத்ததுபோலிருந்தது. அழைக்காமலே பின்தொடர்ந்து வந்திருந்த மென்சிதான் முந்திக்கொண்டாள்.

"நான் பிப்ரவரிலேர்ந்து இதையேதான சொல்றேன்! ஒருத்தராவது நம்புனீங்களா?"

"இரு, இரு," கபிதானின் முகம் மலர்ந்தது. "ஆம்பளச் சத்த எண்ணுல அளப்பாங்களா? அப்ப எனக்கும் அளக்கட்டும்!"

"எதுக்குங்க வீண் செலவு?" என்றாள் அவர் மனைவி, கரண்டியை நிறுத்தாமல். "எனக்குத்தான் தெரியுமே."

மேசை வெடித்துச் சிரித்தது. கபிதானும் சிரித்துவிட்டு, மானத்தை வேறு வழியில் மீட்க முடிவு செய்தவர்போல எழுந்து பேட்டையின் ரோந்து வண்டிச் சாவியை எடுத்தார். சைரன் அலற, ஊர்வலத்தின் வாத்தியக் குழு இரண்டாகப் பிரிந்து வழி விட, ஒன்பது நாற்பதுக்கு ஆய்வக வாசலில் வண்டி நின்றது.

உள்ளே ரத்தம் எடுக்கும் ரோவேனா ஜோவனை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையில் குழம்புச் சொட்டைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாப்டாச்சு."

"இல்லீங்க. நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான்."

"தம்பி, இன்னிக்குத் திருவிழா. நானே காலைல ரெண்டு தட்டு. சாமி சிலைகூடச் சாப்டிருக்கும். தப்பான ரத்தத்த அனுப்பினா மணிலாக்காரங்க என்னைத்தான் திட்டுவாங்க. அடுத்த வாரம் வாங்க."

வெளியே மணிலா வண்டி எஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. பெர்பெத்துவா நாற்காலியை இழுத்து ரோவேனாவின் எதிரே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அவன் சட்டைல இருக்கறது நான் தின்னது. பதினோரு வீட்டுல பத்து வீட்டுச் சாப்பாடு இந்த வயித்துல இருக்கு. மென்சி வீட்டுல ரெண்டு பங்கு, உப்பு ஜாஸ்தி. நம்பிக்கையில்லன்னா என் விரலையும் குத்து, அவன் விரலையும் குத்து. தின்னவ ரத்தத்தையும் திங்காதவன் ரத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு."

இருபது வருஷ வேலையில் ரோவேனாவுக்கு இப்படியொரு சாட்சி வந்ததில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியை எடுத்தாள். ஜோவனுக்கு எண்பத்து நாலு. தாய்க்கு இருநூற்றுப் பன்னிரண்டு. வேடிக்கை பார்க்க வந்து, விரலை நீட்டிய கபிதானுக்கு முந்நூற்றைத் தாண்டியது. அவரை மட்டும் ஓரமாக உட்காரவைத்து, எங்கேயும் நகரக் கூடாது என்றாள்.

"கைய நீட்டு தம்பி. சீக்கிரம்."

ஒன்பது ஐம்பத்து மூன்று. ரப்பர் பட்டை இறுகியது, ஊசி இறங்கியது. குழாயில் கருஞ்சிவப்பாக ஏறுவதை ஜோவன் இமைக்காமல் பார்த்தான். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழும் பெர்பெத்துவாவும் பார்த்தாள், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"இது போனா ஊசி எப்பம்மா போடுவாங்க?" என்று ரோவேனாவைக் கேட்டாள்.

"ரிசல்ட்ட டாக்டர் பாக்கணும். எல்லாம் சரியா இருந்தா ஆரம்பிச்சிடுவாரு."

"மீசை?"

"அதுக்கு மாசக்கணக்காகும். சிலருக்கு வருஷம்."

பெர்பெத்துவா பிள்ளையின் மேலுதட்டை, காய் வாங்குகிறவள் வெள்ளரிக்காயைப் பார்ப்பதுபோல, உற்றுப் பார்த்தாள்.

"ரொம்ப எதிர்பாக்காதடா. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு மீசைங்கறது எலிவாலுதான். உங்க தாத்தா சாகற வரைக்கும் பதினேழு முடிய வச்சுக்கிட்டுச் சீவிக்கிட்டிருந்தாரு."

ஜோவன் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது.

"ஐயோ, கைய ஆட்டாத தம்பி!" என்று கத்தினாள் ரோவேனா. "இன்னும் ரெண்டு குழாய் இருக்கு!"