வாரத்துக்கு அரை கிலோ

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி, என் அக்கா. ஐந்தாவதாக ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் எடை மெஷின். அந்த வீட்டில் பொய் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்று அன்று காலைவரை நம்பியிருந்தேன்.

பார்சல் குடோனில் பல வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். பகலெல்லாம் தூங்கி, ராத்திரியெல்லாம் பிஸ்கட் தின்று வளர்ந்த உடம்பு. போதாததற்கு இதயமும் தாளம் தப்ப ஆரம்பித்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பெயின்ட் கடையில் சேர்ந்தேன். சம்பளம் குறைச்சல். உருப்படாதவன் என்று சொன்னவர்கள் பலர். நல்ல காரியம் செய்தீர்கள் என்றவர் டாக்டரம்மா ஒருவர்தான்.

"வாரத்துக்கு அரை கிலோ இறங்குனா போதும்" என்றார் அவர். "மிஞ்சிப்போனா ஒரு கிலோ. அதுக்கு மேல போனா சந்தோஷப்படாதீங்க, நேரா இங்க வாங்க. மாடிப்படி ஏறிப் போனவர் ஜன்னல் வழியா குதிக்கக்கூடாது. இளைக்கிற மாத்திரை, பவுடர் எதையும் தொடாதீங்க. உங்க இதயம் தாங்காது."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி என்னைவிட வேகமாகத் தலையாட்டினாள்.

சோற்றைப் பாதியாக்கினேன். கடைக்கு நடந்தே போனேன். காலையில் அவள் ஒரு கிண்ணம் காய்கறி சூப் கொடுப்பாள். அதைக் குடித்தால் மதியம்வரை பசிக்காது. முதல் சில வாரம் அரை அரை கிலோவாக ஒழுங்காக இறங்கியது. பிறகு இரண்டு கிலோ இறங்கியது. அடுத்த வாரமும் இரண்டு. மெஷினின் பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். அதே கணக்கு.

"டாக்டரம்மாகிட்ட போகணும்" என்றேன்.

"நான் போன்ல கேட்டுட்டேங்க. சில பேருக்கு அப்படித்தானாம். பயப்பட வேண்டாம்னாங்க" என்றாள்.

சரி, நாமே வேகத்தைக் குறைப்போம் என்று சோற்றைக் கொஞ்சம் கூட்டினேன். அப்படியும் இறங்கியது. இன்னும் கூட்டினேன். சட்டை தொளதொளத்தது, கை நடுங்கியது. கடையில் ஏணிமேல் நின்று டப்பா எடுக்கும்போது நெஞ்சுக்குள் குருவி சிறகடித்தது போல் இருந்தது. அலமாரியைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலாளி கீழிருந்து, "என்னய்யா, அலமாரியோட குடும்பம் நடத்துறியா?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். இளைத்துவிட்டாய் என்று ஊரே சொல்லும்போது யாருக்குத்தான் சந்தேகப்படத் தோன்றும்? என் மன உறுதி என்று நினைத்துக்கொண்டேன். குடோனை விட்டு ஓடியவன் என்ற பெயருக்கு இது பதில் என்றும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஷின் மறுபடி இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது. மச்சினன் கைதட்டினான். கழுத்தும் காலும் நீளம் என்பதால் வீட்டில் அவனுக்குக் கொக்கு என்று பெயர்.

"மாமா, இப்படியே போனா காத்துல பறந்துடுவீங்க. கல்லு கட்டி வைக்கணும்."

அக்கா என் கால்சட்டையை இடுப்பில் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். அந்த மாதம் அதே கால்சட்டையை இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டாள்.

"ஏன்டா மூட்டை, உன்னால எனக்கு ஊசி தேயுது. சரி, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். நீ காலைல எத்தனை ஸ்பூன் போடுற?"

"என்ன ஸ்பூன்?"

"அந்தப் பவுடர்டா. நேத்து கடைக்கு வந்த ஒரு அம்மா போன்ல உன் போட்டோவக் காட்டினாங்க. பக்கத்துப் பக்கத்துல, பழைய மூட்டையும் புது மூட்டையும். இவர் உங்க தம்பிதானே, ரெண்டு ஸ்பூனா மூணு ஸ்பூனான்னு கேட்டுச் சொல்லுங்கன்னாங்க."

நான் கொக்கைப் பார்த்தேன். கொக்கு என் மனைவியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சூப் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"பச்சிலைதான் மாமா" என்றான் கொக்கு. "மருந்தே இல்ல. நான் ஏஜென்சி எடுத்திருக்கேன். உங்களுக்கு எறங்குச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

"நீ வாய மூடு" என்று அக்கா அவனை அதட்டினாள். பிறகு என் மனைவியிடம், "டாக்டரம்மா சொன்னப்போ நீயும் கூடத்தானே இருந்த?" என்றாள்.

"இருந்தேன் அண்ணி." அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ராத்திரி இவர் தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது. பக்கத்துல படுத்துட்டு நான் எண்ணிக்கிட்டே கெடப்பேன். அரை அரை கிலோவா எறங்கி இவர் என்னைக்குத் தேறுறது? அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா? ஒரு ஸ்பூன்தான் போட்டேன். இவர் சோத்தைக் கூட்டிட்டார். அதனால நானும்..."

"நீயும் கூட்டின" என்றேன்.

நான் பிரேக்கை மிதிக்க மிதிக்க அவள் ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறாள். ஒரே வண்டியில் இரண்டு பேர். வண்டி என் உடம்பு.

"டாக்டரம்மாவுக்கு போன் பண்ணியா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். இல்லை.

பயத்தில் செய்தாள் என்பதை நம்ப முடிந்தது. இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது.

"போட்டோ யார் கொடுத்தது?"

பழைய மூட்டை என்றால், மேல்சட்டை இல்லாமல் படுக்கையறைக் கண்ணாடி முன்னால் நான் நின்ற போட்டோவாகத்தான் இருக்கும். இளைத்த பிறகு பார்த்துச் சிரிக்கலாம் என்று அவள் எடுத்தது. அதைக் கொக்கு வந்து எடுத்திருக்க முடியாது.

"தம்பி கேட்டான்..." என்றாள்.

"உன் விளம்பரத்துலேருந்து அதை எடுத்துடு" என்று கொக்கிடம் சொன்னேன். "இப்பவே, என் கண்ணு முன்னால."

"மாமா, உங்களப் பார்த்துத்தான் இத்தனை பேர் வாங்கியிருக்காங்க. எடுத்தா என்னமோ ஏதோன்னு நெனைப்பாங்க."

"நெனைக்கட்டும். அவங்கள்ல எத்தனை பேருக்கு என் மாதிரி நெஞ்சு அடிச்சுக்குதுன்னு கேட்டியா?"

அவன் கேட்டதில்லை. அக்கா அவனைப் போனை எடுக்க வைத்து, போட்டோவை அழிக்கும்வரை அவன் தலைமேல் நின்றாள். பிறகு அவனை முன்னால் விட்டு மாடிப்படி இறங்கினாள். "நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம். நான் வரேன்" என்று கீழிருந்து கத்தினாள்.

கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். என் மனைவி சூப்பைக் கொட்டிவிட்டு வந்து, தட்டில் சோறு போட்டு வைத்தாள்.

"இதுல ஒண்ணுமில்லைங்க. சத்தியமா. சாப்பிடுங்க."

நல்ல பசி. தட்டின் முன் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தேன். கை வாய்வரை போய் நின்றுவிட்டது. முகர்ந்து பார்த்தேன். முகர்ந்து பார்ப்பதை அவள் பார்த்தாள்.

எழுந்து கை கழுவினேன். ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு முட்டை எடுத்தேன். ஓடு உடையாத முட்டையில் யாரும் எதையும் கலக்க முடியாது.

"நான் வேக வச்சுத் தரேங்க" என்று அவள் பின்னாலேயே வந்தாள்.

சமையலறைக்குள் போய், அவள் வாசற்படியை மிதிக்கும் முன் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டேன்.