புவனேஸ்வரனுக்கு வந்த வெண்புள்ளி

பத்து காவான் என்ற ஊரில் கெளுத்தி மீன் வளர்க்கும் புவனேஸ்வரனுக்கு, நவம்பர் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய் வந்தது. நான்கு நாள் விடாத மழையில் தண்ணீர் குளிர்ந்து, மூன்றாம் தொட்டி மீன்களின் கறுத்த தோலில் உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள் கிளம்பியிருந்தன. செத்த மீன் ஒன்றை எடுக்க அவர் கையை விட்டார். வெளியே எடுத்தபோது முழங்கை வரை புள்ளிகள். தொட்டியில் மீன்கள் புள்ளியே இல்லாமல் சுத்தமாக நீந்தின. சிறிது யோசித்துவிட்டு ஐந்தாம் தொட்டியிலும் கையை விட்டார். அங்கேயும் அப்படியே ஆயிற்று. பத்து மணிக்குள் பதினொரு தொட்டிகளின் நோயையும் வாங்கிக்கொண்டு, கழுத்துவரை வெள்ளையாகி, மனைவி ரமணிக்குப் போன் செய்தார்.

அவர் பாயான் பாரு தொழிற்சாலையில் பன்னிரண்டு ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்தவர். பகல் வெளிச்சத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒரே ஆசையில் அதை விட்டுவிட்டு, பழைய தோட்ட நிலத்தில் கேன்வாஸ் தொட்டிகளை நிறுத்தினார். முதல் வளர்ப்பில், வாங்கிவந்த குஞ்சுகளைத் தனியே வைத்துப் பார்க்காமல் நேராக முன்பே விட்டிருந்த மீன்களோடு விட்டார், எல்லாம் செத்தன. இரண்டாவது, பக்கத்துப் பண்ணைச் சிக்கந்தரிடம் இரவல் வாங்கிய வலையோடு வந்த நோயில் போனது. புக்கிட் மெர்தாஜாமில் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரமணி அப்போது ஒன்று சொல்லியிருந்தார்: மூன்றாவதும் செத்தால் பழையபடி ஷிப்டுக்குப் போக வேண்டும். மூன்றாவதில் நாலாயிரம் மீன்கள் இருந்தன. விற்பனைக்கு மூன்று வாரம் இருந்தது.

அரை நாள் விடுப்பில் வந்த ரமணி, ஒருமுறை பார்த்ததுமே அம்மை என்றார். வாயிற்கம்பியில் வேப்பிலை கட்டினார். யாரும் உள்ளே வரக்கூடாது, வீட்டுச் சாமான் எதுவும் வெளியே போகக்கூடாது, பொரிப்பதும் தாளிப்பதும் கூடாது, அவருக்கும் மீனுக்கும் பாதிச் சாப்பாடு என்று ஏற்பாடுகள் செய்தார். கால் கழுவ வாசலில் மஞ்சள் தண்ணீர் வைத்தார். புவனேஸ்வரன் கொட்டகைத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அரிப்பெடுத்த மீன்களும் தொட்டிச் சுவரில் அப்படித்தான் உரசும்.

மறுநாள் வலை கேட்டு வந்த சிக்கந்தர் கம்பிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்.

"என்னம்மா இது, வலை கேட்டா வேப்பிலையக் காட்டுற?"

"அம்மை கண்டிருக்குண்ணே. உள்ள வரக்கூடாதுலா."

"யாருக்கு? அவருக்கா, கெலி மீனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

சிக்கந்தர் கோபித்துக்கொண்டு போனார். ஆனால் அவருடைய தொட்டிகளுக்கு அந்த மழையில் எதுவும் வரவில்லை.

வியாழக்கிழமை மீன்வளத்துறையிலிருந்து மர்ஜானா வந்தார். வாசலில் பூட்ஸைக் கழுவினார். புவனேஸ்வரனின் தோளிலிருந்து ஒரு புள்ளியைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதற்குள் ஒரு சிற்றுயிர் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது.

"இது மீனுக்கு வர்ற பூச்சிண்ணே. மனுசனுக்கு வராது."

"வந்திருச்சேம்மா."

"வந்திருச்சுதான்," என்று ஒப்புக்கொண்ட மர்ஜானா, படிவத்தில் இனம் என்ற இடத்தில் மனிதன் என்றும், எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்றும் எழுதினார். பிறகு மருத்துவம் சொன்னார். பச்சைச் சாய மருந்து கூடாது. தின்னும் மீனுக்கு அது தடை. ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ கல்லுப்பு, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், தீனி பாதி, தொட்டிக்கொரு வலை, வெளியாள் வரத்து நிறுத்தம். உப்பையும் தண்ணீரையும் தவிர மற்றதெல்லாம் செவ்வாய்க்கிழமையே செய்தாயிற்று என்றார் ரமணி. மர்ஜானா கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். புள்ளிகள் முற்றி உதிரும், உதிர்ந்தவை பெருகி இரண்டு நாள் மீனைத் தேடும், கிடைக்காவிட்டால் செத்துப்போகும். கிடைத்தால் நாலாயிரமும் போகும். அதுவரை அண்ணன் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

அது கடினமாக இருந்தது. நோய்க்கு மீன் வேண்டியிருந்தது. அது புவனேஸ்வரனின் கால்கள் வழியாகக் கேட்டது. ஐந்தாம் நாள் நண்பகல் அவர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து, தான் நடப்பது தெரியாமலேயே மூன்றாம் தொட்டியை நோக்கி நடந்தார். மீன்கள் விளிம்பில் கூடி வாயைத் திறந்து காத்திருந்தன. ரமணி தீனி வாளியோடு குறுக்கே நின்றார்.

"இன்னும் ஒரு அடி வச்சீங்க, நைட் ஷிப்ட்டுதான்."

கால்கள் நின்றன. அதற்குப் பிறகு ரமணி பள்ளிக்குப் போகவில்லை. தொடக்கூடாது என்பதால் ஆறடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவர் எழ நினைக்கும்போதெல்லாம் பள்ளிக்கூட வம்புகளைச் சொன்னார். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த ஆசிரியர் கேண்டீன் கறிபாப் பலகாரத்தை இரண்டிரண்டாக எடுக்கிறார் என்பதெல்லாம். ஷிப்ட் பார்த்த பன்னிரண்டு ஆண்டுகளில் இருவரும் பகலில் இவ்வளவு நேரம் பேசியதில்லை. எட்டாம் நாள், தொட்டிகளிலிருந்து இருநூறு அடி தள்ளி, உப்பும் வேப்பிலையும் போட்ட பீப்பாயில் அவரை உட்காரவைத்து ரமணி தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். புள்ளிகள் சவ்வரிசிபோல் உதிர்ந்தன. பீப்பாய்த் தண்ணீர் இரண்டு நாள் தானாகச் சுழன்று தேடியது. மூன்றாம் நாள் அசைவில்லாமல் கிடந்தது.

குறித்த தேதியில் மீன்கள் விற்பனைக்குப் போயின. ரமணி நான்கை வைத்துக்கொண்டு சம்பல் செய்தார். புவனேஸ்வரனுக்குச் சாப்பிட மனம் வரவில்லை. ரமணி நான்கையும் சாப்பிட்டார்.

இப்போது அங்கே குஞ்சுகள் இரண்டு வாரம் தனித் தொட்டியில் இருந்த பிறகே மற்றவற்றோடு சேர்கின்றன. தொட்டிக்கொரு வலை உண்டு. சிக்கந்தரும் தனக்கென்று வலைகள் வாங்கிவிட்டார். இருந்தும் மழை நீளும் ஆண்டுகளில் புள்ளி எட்டிப்பார்க்கும். புவனேஸ்வரன் கையை விட்டு வாங்கிக்கொள்வார். ரமணி பள்ளியில் விடுப்புக் கடிதம் கொடுப்பார். கணவருக்கு மீன் நோய் என்று காரணம் எழுதியிருக்கும். முதல் ஆண்டில் தலைமையாசிரியர் அதை இரண்டு முறை படித்தார். இப்போதெல்லாம் படிப்பதில்லை. எட்டு நாள் போதுமா, பத்தாகப் போடட்டுமா என்று மட்டும் கேட்கிறார்.