நோவாவின் முறை

"அந்த மாமா மட்டும் ஏன் கையைக் கக்கத்துல வச்சிக்கிட்டு நிக்கிறாரு?"

எங்கள் அருங்காட்சியகம் திறந்த வருஷம், பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஐவி என்ற சிறுமி என்னைக் கேட்டாள். சுவரில் 'ஹெஸ்பர்' கப்பலில் கடல்நாய் வேட்டைக்குப் போனவர்களின் படம் இருந்தது. அதில் யாரும் அப்படி நிற்கவில்லை.

"எந்த மாமா கண்ணு?" என்றேன்.

அவள் படத்தைக் காட்டவில்லை. கையுறைகள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், வெறும் தரையைக் காட்டினாள்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஹெஸ்பர்காரர்கள் பனிப்பாளங்களின் மேல் தொலைந்துபோன அந்த மார்ச் வாரம் வந்தால், அதே இடத்தில் தண்ணீர் தேங்கும். என் கணவர் கார்லண்ட் இரண்டு முறை கூரையேறிப் பார்த்தார். "கூரை மேல பழி போடாத டார்கஸ். மேல எல்லாம் உறைஞ்சு கிடக்கு, சொட்டு ஒழுகல" என்றார். ஒருநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், ஈரமாக வந்து நிற்கிற ஒருவரைத் துரத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரம் மட்டும் கதவைப் பூட்டும்போது கணப்பு அடுப்பில் கரி நிறையப் போட்டுவிட்டுப் போவேன்.

பெட்டியில் இருந்தது ஒரு ஜோடி கம்பளிக் கையுறை. மணிக்கட்டில் மூன்று நீலக் கோடு, நடுவில் வெள்ளைக் கட்டம். 'எலியாகிம் ஹாப்ஸின் கைகளைக் காப்பாற்றியவை' என்று சீட்டில் எழுதியிருந்தது. இந்தத் துறைமுக ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மணிக்கட்டுப் பின்னல் உண்டு. முகம் தெரியாமல் கரை ஒதுங்கினாலும் எந்த வீட்டு ஆண்பிள்ளை என்று சொல்லிவிடலாம். நான் வேறு விரிகுடாவிலிருந்து வாழ வந்தவள். எனக்கு அந்தப் பின்னல்களைப் படிக்கத் தெரியாது.

இந்த மார்ச்சில் எலியாகிம் மாமாவே வந்தார். எண்பதை நெருங்குகிற மனிதர், தடியூன்றி.

"பொண்ணே, அந்தப் பெட்டியைத் திறந்து விடு."

"பெட்டியில இருக்கிறது எதுவும் வெளிய போகக் கூடாது மாமா. கமிட்டி என் தோலை உரிச்சிடும்."

"கடல்நாய்த் தோல் உரிச்சவன்கிட்டயே தோல் உரிக்கிறதைப் பத்திச் சொல்றியா?" சிரித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். "திங்கக்கிழமை கப்பல்ல என்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. திரும்பி வர மாட்டேன். அதுக்குள்ள இதை உரியவன்கிட்ட குடுக்கணும்."

"இது உங்களோடது இல்லையா?"

"என்னோடது தண்ணியில போயிடுச்சு. கூட வேட்டைக்கு வந்த நோவா குரூ தன்னோடதைக் கழட்டிக் குடுத்தான். பைபிள்லேருந்து ஒரு சங்கீதம் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருத்தன் போட்டுக்கிறது, அப்புறம் மாத்திக்கிறது. அப்படி முறை வச்சு ரெண்டு நாள் தாங்கினோம். கடைசியா என் முறை. நான் சங்கீதத்தை முடிக்கல."

"முடிக்கலன்னா?"

"கடைசி வரி வரும்போதெல்லாம் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சேன். அவன் கையைக் கக்கத்துல வச்சிக்கிட்டு என் வாயையே பார்த்துட்டு நின்னான். ஒரு வார்த்தை கேட்கல. கண்ணைத் துடைச்சிட்டுப் பார்த்தா ஆளில்லை."

கக்கத்தில் என்று அவர் சொன்னதும் நான் பெட்டிக்குப் பக்கத்துத் தரையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அறுபது வருஷமா கோயில்ல அந்தச் சங்கீதம் பாடினா, கடைசி வரிக்கு வாயை மூடிக்குவேன்" என்றார். "அது அவனோட முறை."

நான் நோவாவின் தங்கை டிரைஃபீனா அத்தையிடம் போனேன். கமிட்டித் தலைவியும் அவர்தான். மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"அத்தை, அந்தக் கையுறை நோவாவோடதாம்."

"நான் பின்னினது எனக்குத் தெரியாதா?" கை நிற்கவில்லை. "இங்க வயசான பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். நீதான் கண்ணிருந்தும் குருடி."

"அப்புறம் ஏன் அந்தச் சீட்டை ஒட்ட விட்டீங்க?"

"வேற என்ன எழுதச் சொல்ற? வருஷா வருஷம் எலியாகிம் எனக்குக் குளிருக்கு விறகு பிளந்து அடுக்கிட்டுப் போவான். டீ குடிச்சிட்டுப் போடான்னா கோழி மாதிரி ஓடுவான். ஓடுறவனைப் பிடிச்சு நிறுத்தி என்ன கேட்கிறது? நோவாவே கேட்கல. நான் யாரு கேட்க?" மாவை ஒரு அறை அறைந்தார். "எங்கம்மா சொல்லிச்சு, ரெண்டு பேர் கையும் போகாம ஒருத்தன் கையாவது வந்துச்சேன்னு. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதே எனக்கு மறந்துபோச்சு. போ."

ஞாயிறு மதியம் நினைவு ஆராதனை. ஊரே கோயிலில் இருக்கும். எலியாகிம் மாமாவிடம் சொல்லியிருந்தபடி நான் பெட்டியைத் திறந்து வைத்தேன், அடுப்பில் கரி போட்டேன், கதவைச் சாத்தாமல் கோயிலுக்கு வந்தேன். அவருடைய இருக்கை காலியாக இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போதகர் பெயர்களை வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி அடித்தது. முப்பத்தொரு மணி. பிறகு அந்தச் சங்கீதம். பக்கத்தில் டிரைஃபீனா அத்தை கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கடைசி வரி வந்தபோது, அவர் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, யாருக்கோ இடம்விட்டதுபோல் காத்திருந்து, அதன் பிறகே பாடினார்.

ஆராதனை முடியுமுன் நான் எழுந்து அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டேன். பெட்டி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், அந்த வாரம் முழுக்கத் துடைத்தும் காயாத தரை, காய்ந்திருந்தது.

வாசலிலிருந்து தடியூன்றிய ஒருவரின் தடம் பனியில் கடலோரம் வரை போய்த் திரும்பியிருந்தது. எலியாகிம் மாமா வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது. நான் தடத்தோடு நடந்தேன். கரையோடு ஒட்டிய பனிப்பாளத்தின் விளிம்புக்குச் சற்று இப்பால் அவர் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும், மிதிபட்டுக் கிடந்தது. கையுறைகள் எங்கும் இல்லை. அவர் நின்ற இடத்துக்கு எதிரே, அவரைப் பார்த்து யாரோ நின்றதுபோல, இரண்டு பாத அளவுக்குப் பனி உருகித் தண்ணீராக இருந்தது. அங்கே போகவோ வரவோ தடம் இல்லை.

கோயில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் குனிந்து, இரண்டு கையாலும் பனியை அள்ளி அதன் மேல் மூடினேன்.