எண்ணிக்கை போதாது

நகரத் திட்ட அலுவலகத்தில் அவள் வரைவாளர். இருபத்திரண்டு வருடமாக ஊரின் விளிம்பைத் தள்ளித் தள்ளிக் கோடு போட்டவள். அக்காவும் அத்தானும் வீடு வாங்க இடம் தேடியபோது அவள்தான் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னாள்: சந்தை, மருந்துக்கடை, பள்ளிக்கூடம் எல்லாமே கூப்பிடு தூரம்.

கூப்பிடு தூரம்தான். நடுவே எட்டு வழிச் சாலை ஒன்று ஓடியது. வரைபடத்தில் அது நூல் பருமன். நேரில், இந்தப் பக்கம் நிற்பவருக்கு எதிர்ப்பக்கக் கடையின் பெயர்ப்பலகை படிக்கக் கிடைக்கும்; கடைதான் கிடைக்காது. முறைப்படி கடக்க வேண்டுமானால் மேம்பாலம் வரை போய்ச் சுற்றி வர நாலு கிலோமீட்டர். பால் வாங்கிக்கொண்டு வருவதற்குள் தயிராகிவிடுகிறது என்று அத்தான் சொல்லிச் சிரிப்பார். ஆகவே, எல்லாரையும் போல அவரும் வண்டிகளுக்கு இடையே சந்து பார்த்து ஓடிக் கடந்துகொண்டிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சந்து போதவில்லை.

பத்து நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அழுகை வரவில்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல நாட்களை இழுத்தாள். மேசையில் ஒரு கோப்பு இருந்தது. அதே இடத்தில் பாதசாரிகள் கடக்க சிக்னல் வேண்டும் என்று குடியிருப்போர் போன வருடம் அனுப்பிய மனு. இரண்டு வருடத்துக்குள் ஒரே இடத்தில் மூன்று பேர் இறந்திருந்தால்தான் சிக்னல் என்பது விதி. அன்று இரண்டு பேர்தான். 'எண்ணிக்கை போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்பியவள் அவளே. இப்போது புதிதாக ஒரு தாள் சேர்ந்திருந்தது: ஆண், வயது ஐம்பத்தாறு, நடந்து சென்றவர்.

கோப்பை வேறு யாருக்காவது மாற்றிவிடட்டுமா என்று மேலதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டார். தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

அளவெடுக்க ஞாயிறு காலை போனாள். போக்குவரத்துக் காவலர் ஐந்து நிமிடம் வண்டிகளை நிறுத்தித் தருவதாக ஏற்பாடு. செய்தி தெரிந்து அக்கா, வீட்டுச் செருப்போடு வந்து நின்றாள். அளவு நாடாவின் ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தொரு மீட்டர். குறித்துக்கொண்டு ஓரத்துக்கு வந்ததும், நெஞ்சில் கல்லாய்க் கிடந்ததை அவள் சொல்லிவிட்டாள்.

"போன வருஷம் மனுவைத் திருப்பி அனுப்பினது நான்தான்க்கா."

"தெரியும்" என்றாள் அக்கா. "தெருத்தெருவா போய்க் கையெழுத்து வாங்கினதே அவர்தானே. குடியிருப்போர் சங்கத்துப் பேருக்கு வந்த பதிலைப் பிரிச்சதும் அவர்தான். கீழ உன் கையெழுத்தைப் பார்த்துட்டு, அவகிட்ட கேட்காத, சங்கடப்படுவா, அவ என்ன பண்ணுவான்னு சொல்லி உள்ள வெச்சுட்டாரு."

அவள் நாடாவைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அது முழுவதும் உறைக்குள் போன பிறகும் கை சுற்றியது. அக்கா மெல்ல அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பிடியின் சூடோ குளிர்ச்சியோ அவளுக்கு உறைக்கவில்லை.

பதினொரு நாளில் அனுமதி வந்தது. மூன்றாம் மாதம் சிக்னலும் வந்தது. பச்சை விளக்கு இருபத்தைந்து விநாடி. மூட்டுவலிக்கார அக்காவால் அதற்குள் பாதிச் சாலைதான் கடக்க முடிந்தது. கைக்கடிகாரம் வைத்து அளந்துபார்த்து, ஐம்பது விநாடி வேண்டும் என்று அவள் குறிப்பு எழுதினாள். அவ்வளவு நேரம் கொடுத்தால் வண்டிகள் மேம்பாலம் வரை தேங்கும் என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினாள். மூன்றாம் முறை முப்பத்தைந்து ஆக்கினார்கள்.

அதுவும் போதவில்லை. நடுத்திட்டில் நின்று, அடுத்த பச்சைக்குக் காத்திருந்துதான் அக்கா மீதியைக் கடக்கிறாள். விடுமுறை நாட்களில் அவளும் கூட நிற்கிறாள். முன்னும் பின்னும் வண்டிகள் விரைந்துகொண்டிருந்த ஒரு நாள் அக்கா கேட்டாள்:

"காலையில சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

என்ன சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. விளக்கு மாறியது. இருவரும் நடந்தார்கள்.