டார்ச் பிடித்தவள்

நான் வாயைத் திறந்திருந்தால் அந்த போல்ட் உடைந்திருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் வீட்டுக்காரரைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டு யாரும் என்னைப் பாவம் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் மகள் கல்லூரி விடுதியில் சேர்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அவளோடு அறையில் இருக்கும் மூன்று பெண்களும் மூன்று வாரமாக அவளிடம் பேசுவதில்லை. காரணம் அவளுக்கே தெரியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இவள் போய் உட்கார்ந்தால் அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போகிறார்களாம். வியாழக்கிழமை மத்தியானம் போன் பண்ணினாள்.

"ஒரே ஒரு நாள் வீட்டுல வந்து தூங்கணும்மா. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி வைத்திருப்பேன். பெற்றவர்கள் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்கள். ஆறு மணி அடித்தால் வார்டன் பதிவேட்டைப் பூட்டிவிடுவாள். காரில் இரண்டரை மணி நேரம். பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாறி, எப்படியும் ஐந்து மணி நேரம் ஆகும்.

காரில்தான் வினை. பிரேக்கை மிதித்தால் முன் சக்கரத்தில் இரும்போடு இரும்பு தேய்கிற சத்தம். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பேடு தேய்ந்துபோயிருந்தது. அதோடு அவ்வளவு தூரம் போக முடியாது, அது நியாயம். தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பான். வெள்ளிக்கிழமையே சொன்னேன். நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்கு அவன் எதற்கு என்று இவர் கேட்டார். இவர் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவர், கையில் பேனா மைகூடப் படாத வேலை. போனில் ஒரு வீடியோவை நான்கு தடவை பார்த்திருந்தார், அவ்வளவுதான் தகுதி.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் பம்ப் செய்யும் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக போல்ட் முடுக்குகிறேன். ஒரு பம்ப்புக்கு எட்டு போல்ட். அதில் இரண்டுக்குத் தலை நமக்கு எதிர்ப்புறம் இருக்கும். கையைப் பின்னால் விட்டுத்தான் திருக வேண்டும். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அதற்கு எல்லாமே தலைகீழ். புதிதாக வருகிறவர்கள் கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போவார்கள். முதல் வாரத்தில் நானும் அப்படி ஒன்றை முறித்துவிட்டு சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு என் வீட்டில் கிடைக்கும் மரியாதை தனி. யார் விருந்தாளியாக வந்தாலும் இவருக்கு ஒரு நகைச்சுவை உண்டு. "இவ பகல் முழுக்க போல்ட்ட முறுக்குவா, சாயங்காலம் என்னைய முறுக்குவா" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள், என் சொந்தத் தம்பி உட்பட. அதோடு விடமாட்டார். "மூளைக்கு வேலையே இல்ல, குடுத்து வெச்சவ" என்று முடிப்பார். பதினொரு வருடமாக நானும் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அரை நாள் அலுவலகம் முடித்து வந்து, பன்னிரண்டரைக்கு ஜாக்கி போட்டு காரைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றி வைத்தார். பேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கவ்வியைப் பின்பக்கத்திலிருந்து இரண்டு போல்ட் பிடித்திருக்கும். கீழ் போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டால் கவ்வியை மேலே தூக்கிவிடலாம். வீடியோவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்து, போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்த்துக் கழற்றுகிறார்கள். இவர் ஒடிக்கவில்லை. இந்தப் பக்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையைப் பின்னால் விட்டு, வீடியோவில் பார்த்த அதே திசையில் ஸ்பேனரைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இறுக்குகிறார்.

"ஏங்க" என்றேன்.

"நீ பேசாம டார்ச்சப் பிடி" என்றார்.

பிடித்தேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூச்சு விடுகிற நேரம். ஆனால் அந்த நிமிடம் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. தானாக ஒரு தடவை கேட்கட்டும் என்று நினைத்தேன். தினமும் இதைத்தானே செய்கிறாய், இது ஏன் வரமாட்டேன் என்கிறது என்று நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், சொல்லிவிடுவேன். மணி ஒன்றுகூட ஆகவில்லை. மூன்றுக்குக் கிளம்பினால் போதும். கேட்காமல் எங்கே போய்விடப் போகிறார்?

அவர் கேட்கவில்லை. போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். துருவுக்கு அடிக்கிற எண்ணெயை அடித்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தார். சுத்தியலால் தட்டினார். மறுபடி அதே திசையில் திருப்பினார். போன தடவை மாட்டியவன் சரியில்லை என்றார், இந்தக் காரைச் செய்தவனே சரியில்லை என்றார். இரண்டு மணிக்கு மகள் போன் பண்ணிக் கிளம்பிவிட்டோமா என்று கேட்டாள். கிளம்பப்போகிறோம் என்றேன். பையை எடுத்து வைத்துவிட்டாளாம், கேட் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாளாம்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாடகைக் காரைக் கூப்பிடலாமா என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஏன் பறக்கிறாய் என்றார். சரி, பத்து நிமிடம்தானே, கேட்பார் என்று மறுபடியும் காத்திருந்தேன். என் பிடிவாதத்துக்கு அன்றைக்கு வெட்கமே இல்லை.

உடைந்துபோன கட்டிலின் இரும்புக் குழாய் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதைக் கொண்டுவந்து ஸ்பேனரின் வாலில் சொருகினார். அந்த போல்ட் என் சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். இவ்வளவு நீளக் குழாயை வைத்துத் திருகினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் கை டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு ஓரத்தில் எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. உடையட்டும், அப்போதாவது தெரியட்டும் என்று நினைத்தேன். டக்கென்று ஒரு சத்தம். இவர் பின்னால் சாய்ந்து விழுந்தார். போல்ட்டின் தலை மட்டும் தரையில் உருண்டு சாக்கடை ஓரமாகப் போய் நின்றது.

எதிரிக்குச் சகுனத்தடையாக வேண்டுமென்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவளைப் பற்றிச் சொல்வார்கள். அவளாவது தன் மூக்கை அறுத்துக்கொண்டாள். நான் அறுத்தது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுடையதை.

மெக்கானிக் மூன்றேகாலுக்கு வந்தான். கவ்வியை இப்படியும் அப்படியும் ஆட்டி வெளியே இழுத்தான். உள்ளே மாட்டியிருந்த துண்டு லேசாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் குறட்டால் பிடித்து நாலு சுற்று சுற்றினான், கையோடு வந்துவிட்டது. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"துருவே இல்லையே சார். புதுசு மாதிரி இருக்கு. எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

இவர் கையைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். மெக்கானிக் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பெரிய மனிதரை அவர் மனைவிக்கு முன்னால் சிறுமைப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பான். என்னை ஒரு தரம் பார்த்தான். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். நான் டார்ச்சை அணைத்தேன்.

அந்த அளவு போல்ட் அவனிடம் இல்லை. பக்கத்து உதிரிபாகக் கடை சனிக்கிழமை இரண்டோடு சரி. ஊரின் மறுகோடிக்குப் போய் வாங்கி வந்து மாட்டி முடிக்க ஐந்தே கால் ஆனது. நடுவில் மூன்றரைக்கு ஒரு வாடகைக் காரைப் பிடித்தேன், வருகிறேன் என்று சொன்னவன் நாலு மணிக்கு வரவில்லை என்று சொன்னான். வார்டனுக்குப் போன் பண்ணிக் கெஞ்சினேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாள். மகளிடம் இவர்தான் பேசினார். கூடத்தில் நடந்துகொண்டே பேசினார், துரு, இறுக்கம், பழைய வண்டி என்று நீளமாகப் பேசினார். நாளைக்குக் காலையில் வருகிறோம் என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"அங்க விளக்கு போட்டாச்சாடி?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"அம்மா, நீதான் தெனமும் போல்ட்டு போடுறியே. நீ பக்கத்துலதானே இருந்தே? அப்பாகிட்ட சொல்லலையா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காபி வைத்துவிட்டு நான் உள்ளே போனபோதெல்லாம் அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் அவளும்தான். இவர் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேன்டி" என்றேன். "அப்பா கேக்கல."

அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு வர வேணாம்மா. நான் இனிமே கூப்பிடல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். விரலிடுக்கில் இருந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டே, இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில் கேட்டார்.

"நீ சொன்னியா? எனக்குக் காதுல விழலையே."

இல்லை என்று சொல்ல அது ஒரு நல்ல நேரம்.

"சொன்னேன்" என்றேன். "நாலு தடவ சொன்னேன்."

அவர் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. நான் பேசியது எதுதான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது? மெதுவாகத் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார்.