கடைசி மூலை

சுலேமா ஃபூனெஸுக்கு வெல்டிங் தெரியாது என்று திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த மைப்பூ ஊரில் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனைத்தான் ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். பாதி ஊரின் இரும்புக் கதவுகளும், மாட்டு விலா சுடும் கம்பி அடுப்புகளும் அவள் கைவேலை. அப்படிப்பட்டவள் சனிக்கிழமையும் அதுவுமாக ஒரு பட்டறை பெஞ்சில், முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் தலையெழுத்து.

கடைகளில் மலிவுக் கதவுகள் வந்து இறங்கியதிலிருந்து அவளைத் தேடி யாரும் வருவதில்லை. இந்தப் பட்டறையோ, முதலாளி பூட்டிவிட்டு ஓடியதும் தொழிலாளிகளே பூட்டை உடைத்து நடத்துகிற இடம். ஒயின் தொட்டி செய்கிறார்கள். அறுவடைக்கு முன் ஓர் ஆள் வேண்டும். அவர்கள் ஆள் எடுக்கிற விதமே தனி. எவர்சில்வரை நுணுக்கமாக ஒட்டுகிற டிக் வெல்டிங்குக்கு அறிமுக வகுப்பு நடக்கும்; சுலேமா அதுவரை தொடாத வேலை அது. கடைசியில் ஆளுக்கொரு எவர்சில்வர் பெட்டி ஒட்ட வேண்டும். அதில் ஒயினை ஊற்றிச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைப்பார்கள். கறி வேகிறவரை ஒழுகாமல் நின்றால் வேலை. ஒழுகினால் பாத்திரம் கழுவிவிட்டு வீட்டைப் பார்த்து நடக்கலாம்.

வகுப்பு எடுத்தவள் பிரீசா, சுலேமாவின் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாளே, பழைய வெல்டிங் ராடை உரசுகிற பழக்கத்தில் சுலேமா டார்ச்சைத் தகட்டில் ஒரு கீறு கீறினாள். முனையிலிருந்த ஊசி மழுங்கிப் போயிற்று.

"அக்கா, உரசாதீங்க! அது என்ன தீக்குச்சியா?"

பக்கத்து மேஜையில் ஃபெர்மீன் சிரித்தான். அவன் கேக்குக்காரன். தன் கடைத் தட்டுகளைத் தானே ஒட்டிக்கொள்ளலாம் என்று வந்தவன். "நான் ரோஜாப்பூ வைக்கிறப்போ கேக்கைக் கீறுறதே இல்லக்கா."

"உன் கேக்கைத் தின்னவதான் நானும். அதைக் கீற முடியாது, சுத்தியலாலதான் உடைக்கணும்."

சிரிப்பு அடங்கியது. ஆனால் அவன் ஒட்டியது க்ரீம் பிழிந்த மாதிரி வரிசையாக வந்தது, அவளுடையது அப்பிய சேறு மாதிரி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெல்ல மெல்ல எல்லாம் படிந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற கால் மிதியை நோகாமல் அழுத்த வந்தது, கம்பியைத் துளித்துளியாகக் கொடுக்க வந்தது. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை.

"முடிக்கிறப்போ காலை மெதுவா விடுங்க. நெருப்பு அணைஞ்சதும் கையை எடுத்துடாதீங்க. டார்ச்லேர்ந்து ஆர்கான் காத்து வந்துட்டேதான் இருக்கும். ஒட்டுன இடம் ஆறுற வரைக்கும் அது மூடிட்டிருக்கணும். வெடுக்குனு எடுத்தா முடிவுல கருத்து, ஊசி ஓட்டை விழும்" என்று பிரீசா தொண்டை வற்றச் சொன்னாள்.

சுலேமாவின் கைக்கு அது புரியவே இல்லை. இத்தனை வருஷமாக நெருப்பு அணைந்தால் வேலை முடிந்தது, அடுத்த கதவைப் பார் என்று பழகிய கை.

அடுத்த சனிக்கிழமை பெட்டி ஒட்டினார்கள். மூன்று மூலைகள் அழகாக விழுந்தன. நாலாவது மூலை முடிகிற நேரம் பார்த்து, பட்டறைத் தலைவர் அன்செல்மோ வெளியிலிருந்து, "கறியைத் தணல்ல போட்டாச்சு, பெட்டியெல்லாம் வரட்டும்!" என்று கத்தினார். அவள் கை வெடுக்கென்று மேலே போய்விட்டது.

கருப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. கம்பித் தூரிகையால் நாலு தேய்ப்பு தேய்த்தாள், பளபளவென்று ஆகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு நடந்தாள். இந்த வேலையும் போனால் வேறு போக்கிடம் இல்லை, பாவம், அவளும் என்ன செய்வாள்.

ஃபெர்மீனின் பெட்டி ஒயின் ஊற்றின உடனே ஒழுகத் தொடங்கியது. "அழகா இருந்தா போதுமா?" என்று யாரோ கேட்க, அவன் சிரித்துக்கொண்டே தட்டுகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

சுலேமாவின் பெட்டி நின்றது. கறி சிவந்தது, கொழுப்பு தணலில் சொட்டிப் புகைந்தது. மேஜை காய்ந்தேதான் இருந்தது. சேர்த்துக்கொள்ளலாமா என்று அன்செல்மோ கேட்க, எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துடும்மா."

கைதட்டல். பெட்டி கைக்குக் கை மாறி ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். அவளிடம் வந்தபோது குடிக்கத் தோன்றவில்லை. விரல் தானாக அந்த மூலைக்குப் போனது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இதே கைதான் இனித் தொட்டி ஒட்டும். யாரோ ஒருத்தன் வருஷமெல்லாம் வெயிலில் காய்ந்து விளைவித்தது அதற்குள் இருக்கும்.

மீதி ஒயினைக் கூஜாவில் கவிழ்த்தாள். பெட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு நேரே பட்டறைக்குள் போய் கிரைண்டரைப் போட்டாள்.

மேல்தோல் போனதும் தெரிந்தது, ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அடியில் மயிரிழை கனம்தான் மிச்சம் நின்றிருந்தது.

பின்னால் பிரீசா நின்றாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா?"

பிரீசா யோசித்தாள். "மாட்டோம்."

கையில் முள்கரண்டியோடு அன்செல்மோவும் வந்துவிட்டார். "கறி ஆறுது, இங்க என்ன பண்ற?"

"வேலைல சேத்தாச்சுல்ல? வேலை பாக்குறேன்."

அவர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கிரைண்டரைக் கீழே வைத்தாள்.

"ஏழு மணின்னு சொன்னேன்ல, கொஞ்சம் முன்னாடியே வா" என்றார். "வாசல் கதவு கீலும் போச்சு. அது உனக்குத்தான் தெரியும்."

அவள் முகக்கவசத்தை இறக்கினாள். நெருப்பு பிடித்தது, மூலை உருகி இணைந்தது, காலை மெதுவாக விட்டாள். வெளிச்சம் அணைந்தது. டார்ச் அங்கேயே நின்றது, காற்று மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

"போதும்கா, எடுங்க. எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாங்க."

"சும்மா இருங்க டீச்சரம்மா" என்றாள் சுலேமா. "இன்னும் ஆறல."